எண்ணெய்த் துணி

தேக்குப் பலகைக்கு மாதம் ஒரு தடவை எண்ணெய் கொடுத்தால் போதும். அதற்கு மேல் கொடுத்தால் மரம் குடிக்காது, மேலேயே பிசுபிசுவென்று நிற்கும். குறைத்தால் வெளுத்துப்போய்த் தண்ணீரைக் குடிக்க ஆரம்பித்துவிடும். சமையல்கட்டில் இருக்கிற மரத்துக்கு எதிரி நெருப்பு இல்லை மேடம். தண்ணீர்தான்.

இதை நானே எழுதுகிறேன் என்று கேட்டுத்தான் உங்களிடம் காகிதம் வாங்கினேன். ஏட்டு எழுதித் தருவார், நீ கீழே கையெழுத்துப் போட்டால் போதும் என்றீர்கள். அடுத்தவர் எழுதியதற்கு அடியில் நாற்பத்தொன்பது வயது வரை கைநாட்டு வைத்திருக்கிறேன். அது போதும். எனக்கு மெதுவாகத்தான் வரும். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், விஷயத்தில் இருக்காது.

என் பெயர் அய்யனார். ஊர் ஏம்பலம். பதின்மூன்று வயதில் கரும்பு வெட்டப் போனேன். முப்பத்தைந்துக்கு மேல் இடுப்பு வளையவில்லை. வில்லியனூரில் அரங்கநாதன் ஆசாரி பட்டறையில் சேர்ந்தேன். மரம் தூக்குவேன், இழைத்ததற்கு உப்புத்தாள் போடுவேன், பாலிஷ் அடிப்பேன். பட்டறைக்கு மேலே ஒரு பரண் உண்டு, படுக்கை அங்கேதான். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அப்பா சீக்கிரம் போய்விட்டார். தம்பி கலைவேந்தன் என்னைவிட ஒன்பது வயது சின்னவன். அவன் படித்தான், நான் வெட்டினேன். இதில் பெருமையும் இல்லை, குறையும் இல்லை. அந்த வீட்டில் இரண்டு பேரில் ஒருத்தன்தான் படிக்க முடியும் என்று இருந்தது.

மூன்று வருடத்துக்கு முன்பு அம்மா தனக்கொடியின் பெயரில் இருந்த மனையில் தம்பி வீடு கட்டினான். சமையல் மேடைக்கு எல்லோரும் கிரானைட் போடுகிறார்கள். தம்பி மனைவி ஜெயசித்ரா மரம் வேண்டும் என்றாள். போனில் ஒரு படத்தை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"எல்லார் வூட்லயும் அதே கல்லு. நம்ம வூட்ல மட்டும் மரம் போட்டா எப்பிடி இருக்கும், நீங்களே பாருங்க மாமா."

"உனக்கு இன்னாடி, படத்தப் பாத்துட்டுச் சொல்லுவ. ஐப்பசி மழைல ஊறிப்போய் காளான் மொளைக்கும்" என்றான் தம்பி.

"மொளைச்சா பறிச்சுக் கொழம்பு வெச்சுடறேன். உங்களுக்குத்தான் காளான் புடிக்குமே."

தம்பி சிரித்துவிட்டான். என் பக்கம் திரும்பி, "அப்ப மாசாமாசம் நீதாண்ணே பாத்துக்கணும். கிச்சனுக்குப் பின்னால ஒரு ரூம் எடுக்கறேன். அது உனக்கு. இங்கயே இருந்துகினு உன் பலகைய நீ பாத்துக்கோ. எத்தினி நாளைக்குப் பரண்ல ஏறிகினு இருப்ப?" என்றான்.

நான் ஒன்றும் கேட்கவில்லை மேடம். அவனாகச் சொன்னான். அந்தச் சொல்லை நம்பித்தான் மரம் தேடப் போனேன்.

புது மரம் வேண்டாம் என்று நான்தான் முடிவு செய்தேன். வேங்கை பலமான மரம், ஆனால் ஈரம் பட்டால் சாயம் விடும், மாவு பிசைந்தால் மாவில் ஏறும். மாமரத்தைப் பூச்சி விடாது. பலா நல்ல மரம்தான், அந்த அகலத்துக்குக் கிடைக்கவில்லை. பாண்டிச்சேரி டவுனில் இடிக்கிற பழைய வீடுகளின் உத்தரக்கட்டைகள் ஒரு மர டிப்போவுக்கு வரும். மூன்று ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்க் கட்டைகளைப் புரட்டினேன். ஓரத்து வெள்ளை இல்லாத நடுமரமாக, நெஞ்சுக்கட்டையாகப் பார்த்து, ஆணி இருக்கிற இடத்தை விரலால் தடவித் தள்ளி, ஒரே நிறத்தில் நான்கு கட்டை எடுத்தேன். ஆசாரி அறுத்து ஒட்டிக் கொடுத்தார். அடுப்பு வைக்கிற இடத்தில் மட்டும் கல். மற்றதெல்லாம் ஒன்பதடிக்கு ஒரே பலகை. பட்டறையில் பதினைந்து வருடம் இருந்திருக்கிறேன். எனக்கென்று நான் தேர்ந்தெடுத்த மரம் அது ஒன்றுதான்.

பக்கத்து வீட்டு லில்லி வந்து பார்த்தாள்.

"இன்னாடி ஜெயசித்ரா, கறிக்கடைக் கட்ட மாதிரி வெச்சிக்கிற? ஞாயித்துக்கெழம வந்தா அரைக் கிலோ வெட்டித் தருவியா?"

"எலும்போடயா, எலும்பு இல்லாமயா லில்லிக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் நானும் இருந்தேன் என்பதை எழுதிவைக்க வேண்டும்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை எண்ணெய் போடுகிற நாள். நான் செய்கிற முறை இது. முதலில் மேடையில் இருப்பதையெல்லாம் இறக்கிவைப்பேன். உப்பு ஜாடியைத்தான் முதலில் தூக்குவேன், உப்பு நின்ற இடத்தில் ஈரம் கோத்திருக்கும். இது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மஞ்சள் கறைக்கு எலுமிச்சைத் தோலும் உப்பும். பிறகு மரத்தின் ரேகை போகிற திசையில் உப்புத்தாள், முதலில் கையால், அப்புறம் பட்டறையின் சின்ன மெஷினில். குறுக்கே தேய்த்தால் கீறல் விழும், அது போகவே போகாது. துடைத்துவிட்டு ஆளிவிதை எண்ணெயைப் பருத்தித் துணியில் நனைத்துத் தேய்க்க வேண்டும். கால் மணி நேரம் விட்டு, குடித்தது போக மிச்சத்தை வேறு துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். அப்புறம் தூசி படாமல் ஜன்னல்களைச் சாத்தி, பின்கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போய்விடுவேன். பொழுது சாயும்வரை யாரும் சமையல்கட்டுக்குள் வரக்கூடாது.

இன்னொன்றும் உண்டு. எண்ணெய்த் துணியை உருட்டி வைக்கக்கூடாது. ஒருமுறை பட்டறையில் கூட வேலை செய்கிற மணிவண்ணன் தேய்த்த துணிகளைச் சாக்கில் அமுக்கி மூலையில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனான். பங்குனி வெயில். திரும்பி வந்தபோது சாக்கிலிருந்து புகை. ஆசாரி தண்ணீரை ஊற்றிவிட்டு அவனைப் பிடித்துக்கொண்டார்.

"நெருப்பு யாரும் வெக்க வாணாம்டா. அந்த எண்ணெய் காயறப்ப சூடு ஏறும். உருட்டி வெச்சா அந்தச் சூடு எங்கடா போவும்? விரிச்சுப் போடு, இல்ல தண்ணில முக்கு. உருட்டாத."

அன்றிலிருந்து நான் ஒரு தடவைகூடத் துணியை உருட்டியதில்லை. ஏம்பலத்திலும் வேலி முழுக்க விரித்துப் போடுவேன். தம்பி மகள் சுவேதா பார்த்துவிட்டு, "இன்னா பெரியப்பா, கட்சிக்கொடி ஏத்திட்டீங்களா? எந்தக் கட்சி?" என்பாள்.

பின்னால் இருந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீடு முடிந்ததும் அதில் சுவேதாவின் கட்டிலையும் மேசையையும் போட்டார்கள். "அவ பிளஸ் டூ முடியட்டும்ணே" என்றான் தம்பி. முடிந்தது. "காலேஜ் முடியட்டும்" என்றான். நான் சரி என்றேன். சின்னப் பெண், படிக்கிற பெண். அந்த அறைக்கு ஒரே கதவு. அது சமையல்கட்டுக்குள் திறக்கும். இதை நீங்கள் வரைபடம் போட்டுக் கேட்டீர்கள், அதனால் எழுதுகிறேன்.

போன ஆடியில் அம்மா இறந்துபோனாள். செப்டம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை சுவேதா எனக்கு ஒரு நோட்டு வாங்கிவைத்திருந்தாள்.

"பெரியப்பா, நீங்க படிக்கக் கத்துக்கணும்."

"எனக்கு எதுக்கும்மா? பஸ் நம்பர் தெரியும். அது போதும்."

"பஸ்ல ஏறத் தெரிஞ்சா போதுமா? யாரு உங்கள எங்க எறக்கி உடறாங்கன்னு தெரிய வாணாமா? இனிமே எதுலயும் கைநாட்டு வெக்காதீங்க பெரியப்பா. கையெழுத்துதான் போடணும். சத்தியமா."

எதற்கு இவ்வளவு அழுத்திச் சொல்கிறாள் என்று அன்றைக்கு யோசிக்கவில்லை. வாராவாரம் சனிக்கிழமை போனேன். எண்ணெய் போடுகிற நாளில் நோட்டு கிடையாது. உப்புத்தாள் போடுவதற்கு முன்பு பலகையிலேயே சாக்கட்டியால் எழுதுவாள். ஒன்பதடி நீளத்துக்கு எழுதுவாள். நான் ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்லிவிட்டு, படித்ததை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே போவேன். முதல் நாள் என் பெயரை எழுதிக் காட்டினாள். அதைத் தேய்க்க மனமில்லாமல் கடைசியில் தேய்த்தேன். எழுதும்போது ஒரு எழுத்தும் விட்டுப்போகக் கூடாது என்பாள். விட்டுப்போனால் அடித்துத் திருத்த விடமாட்டாள். "மறந்தத கடைசில எழுதுங்க பெரியப்பா, ஆனா எழுதுங்க" என்பாள்.

அச்சு எழுத்து எனக்கு இப்போதும் சிரமம். சுவேதாவின் கையெழுத்து என்றால் தண்ணீர் மாதிரி ஓடும்.

போன மாதம், முதல் சனிக்கிழமை. நான் உப்பு ஜாடியைத் தூக்கினேன். அடியில் மடித்த காகிதம் ஒன்று இருந்தது. அந்த வீட்டில் என் முன்னால் யாரும் காகிதத்தை மறைத்ததில்லை. சுவர்க் காலண்டரும் பேங்கு நோட்டீசும் எனக்கு ஒன்று என்பது அவர்களுக்குத் தெரியும். நான் படிக்கக் கற்றுக்கொண்டது சுவேதாவைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டாம், பொங்கலுக்குப் பேப்பர் படித்துக் காட்டி அப்பாவை அசத்தலாம் என்றாள். பொங்கல் வந்து போனது, இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்றாள்.

காகிதம் அவள் கையெழுத்தில் இருந்தது. அதனால் படிக்க முடிந்தது. தனக்கொடியின் வாரிசுகள் யார் என்று எழுதிக் கேட்கிற மனுவின் நகல். மூத்த மகன் அய்யனார், திருமணமாகாதவர், காலமாகிவிட்டார். இளைய மகன் கலைவேந்தன் ஒருவரே உயிருடன் இருக்கும் வாரிசு. காலமாகிவிட்டார் என்ற சொல்லை அவள் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் படித்தேன். கீழே தேதி. எண்கள் எனக்கு முன்பே தெரியும். ஆகஸ்ட் இருபத்தெட்டு. எனக்கு நோட்டு வாங்கியதற்குப் பத்து நாள் முன்பு.

காகிதத்தை மடித்து அதே இடத்தில் வைத்தேன். பிறகு, ஈரம் கோக்குமே என்று எடுத்து அலமாரிக்கு மாற்றினேன். உப்புத்தாள் போட்டேன், எண்ணெய் தேய்த்தேன், துணியை வேலியில் விரித்தேன். மத்தியானம் ஜெயசித்ரா சோறு போட்டாள்.

"இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க மாமா. ஏன் கொறிக்கிறீங்க?"

போட்டுக்கொண்டேன். செத்தவனுக்கு வடை பாயசம் வைத்துப் படைப்பார்கள். எனக்குக் கருவாட்டுக் குழம்பு.

தம்பியிடம் ஏன் கேட்கவில்லை என்று நீங்கள் கேட்டீர்கள். கேட்டிருந்தால் காரணம் சொல்லியிருப்பான். நல்ல காரணமாகவே இருந்திருக்கும். லோனுக்கு அவசரம், நீ அலைய வேண்டாம் என்று, பேப்பருக்காக எழுதியது, நீ எங்க போகப்போற அண்ணே என்றிருப்பான். நான் சரி என்றிருப்பேன். ஐம்பது வயது வரை சரி என்று சொன்னவன் அன்றைக்கு மட்டும் என்ன சொல்லியிருப்பேன்? அதனால்தான் கேட்கவில்லை.

அந்த மனு கொடுக்கப்பட்டதா, எடுபட்டதா, எனக்குத் தெரியாது. எனக்கு அது முக்கியமாகப் படவில்லை.

சுவேதா மேல் கோபமா என்று கேட்டீர்கள். இல்லை. அப்பா சொல்லச் சொல்ல எழுதியிருப்பாள். வீட்டில் மனு எழுதுவதென்றால் பிள்ளைகள்தான் எழுதுகிறார்கள். ஒன்று மட்டும் மனதில் நின்றது. பலகையில் என் பெயரை எனக்கு எழுதிக் காட்டுவதற்கு முன்பே, செத்தவன் என்று எழுதிப் பழகியிருந்தது அந்தக் கை. நான் அந்த எழுத்தைப் பார்த்துப் பார்த்து நோட்டு முழுக்க எழுதியிருக்கிறேன். அவ்வளவுதான். கோபம் இல்லை.

ஒரு மாதம் பரணில் படுத்து யோசித்தேன். சனிக்கிழமைப் பாடத்துக்கு எப்போதும்போலப் போய்வந்தேன். அந்த வீட்டில் எனக்கு அறை இல்லை, மனை இல்லை, பெயரும் இல்லை. பலகை மட்டும் என்னுடையது. அதைத் திரும்ப எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். ஒன்பதடிப் பலகையைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் ஏற முடியாது. எரிந்துபோனால் என்னுடையது என்னோடு போயிற்று. இதில் தப்பாக ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை தம்பி போன் செய்தான். "நாளைக்கு மதகடிப்பட்டுல வளைகாப்புண்ணே. வூட்ல யாரும் இருக்க மாட்டோம். பின்கதவு தெறந்தே இருக்கும். நீ பாட்டுக்கு வந்து முடிச்சுட்டுப் போ. சோறு மூடி வெச்சிருப்பா."

அந்த ஒரு பேச்சைத்தான் நான் மனதில் வைத்துக்கொண்டேன். யாரும் இருக்க மாட்டோம் என்று அவன்தான் சொன்னான். விடியற்காலையில் சுவேதாவுக்குக் காய்ச்சல் வந்ததும், மாத்திரை போட்டுக்கொண்டு அவள் படுத்துவிட்டதும், மற்ற இரண்டு பேரும் மட்டும் கிளம்பிப் போனதும் நீங்கள் சொல்லித்தான் கேட்டேன். அவளுடைய ஸ்கூட்டர் முன்வாசலில் நின்றது என்றீர்கள். நான் பஸ்ஸை விட்டு இறங்கி வயல் வழியாகப் பின்பக்கம் வருகிறவன். முன்வாசலைப் பார்க்கவில்லை.

பத்து மணிக்கு வந்தேன். அறைக் கதவு சாத்தியிருந்தது. அவள் காலேஜ் போகிற நாளிலும் அது சாத்தித்தான் இருக்கும். அன்றைக்கு உப்புத்தாளை மெஷினில் போடாமல் கையாலேயே போட்டேன். பாத்திரங்களை இறக்கும்போது ஒன்றோடொன்று இடிக்காமல் இறக்கினேன். வெயில் அதிகம், அவசரப்பட வேண்டாம் என்று இருந்தது. எண்ணெயை வழக்கத்தைவிட நிறைய தேய்த்தேன். மரம் குடிக்கவில்லை, தேங்கி நின்றது. துணிகள் ஏழு. உருட்டினேன். பலகைக்கு அடியில் இருக்கிற அலமாரியில், பழைய பேப்பர் கட்டுக்கு நடுவே வைத்துக் கதவைச் சாத்தினேன்.

காஸ் சிலிண்டரைக் கழற்றி வெளியே கொண்டுபோய்க் கிணற்றடியில் வைத்தேன். உங்களுக்குச் சந்தேகம் வந்ததே அந்தச் சிலிண்டரால்தான் என்றீர்கள். யோசித்துப் பாருங்கள் மேடம். ஒருவரைக் கொல்ல நினைக்கிறவன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே வைப்பானா? லில்லி வீட்டுச் சுவர் பக்கத்திலேயே இருக்கிறது. அவர்கள் எனக்கு என்ன செய்தார்கள்?

ஜன்னல்களைச் சாத்தினேன். பின்கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டேன். தூசி படக்கூடாது. பஸ் ஏறி வில்லியனூர் வந்து, மணிவண்ணனோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். மூன்றரைக்கு அவன் போனில்தான் முதலில் செய்தி வந்தது.

பின்கதவைத் திறந்தது லில்லி. கதவை ஒட்டி உள்பக்கம் சுவேதா கிடந்தாள் என்றாள். கூடத்துக்குப் போகிற வழியை நெருப்பு மறித்திருந்ததாம். உள்ளேயிருந்து தட்டிய சத்தம் கேட்டுத்தான் ஓடிவந்தாளாம். பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று நாள் உயிரோடு இருந்தாள். நான் மூன்று நாளும் வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். தம்பி என் தோளில் சாய்ந்து அழுதான். "அண்ணே, நீ இல்லன்னா நான் இன்னா பண்ணுவேன்" என்றான். நான் இல்லை என்று எழுதவைத்தவன் சொன்னது இது.

பலகை முழுசாக எரியவில்லை. பழைய தேக்கு மேலே கரிந்து அப்படியே நின்றுவிடும். நெஞ்சு அப்படியே இருந்தது. இழைத்தால் இன்னும் ஐம்பது வருடம் உழைக்கும்.

நேற்று நீங்கள் எனக்கு ஒரு காகிதம் கொடுத்துப் படிக்கச் சொன்னீர்கள். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் இருந்த பையில் கிடைத்தது என்றீர்கள். பெரிய பெரிய எழுத்தாக, எனக்காகவே எழுதியிருந்தாள். கால் மணி நேரத்தில் படித்துவிட்டேன். அதை அப்படியே இங்கே எழுதுகிறேன், நான் படித்தேன் என்பதற்கு.

"பெரியப்பா, இதை நீங்களே படிக்க வேண்டும். அப்பா சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். அது தப்பு. நீங்கள் படிக்கத்தான் அதை உப்பு ஜாடிக்கு அடியில் வைத்தேன். ஏன் ஒன்றும் கேட்கவில்லை? நீங்கள் உயிரோடு இருப்பதாக வேறு மனு எழுதிவிட்டேன். இந்தச் சனிக்கிழமை தருகிறேன். கைநாட்டு வேண்டாம். கையெழுத்துப் போடுங்கள். நான் ஹாஸ்டலுக்குப் போகிறேன். அறை உங்களுடையது."

உயிரோடு என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்றேன்.

நீங்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் அழுவேன் என்று நினைத்தீர்களோ என்னவோ. வாயால் சொல்லியிருக்கலாமே என்றுதான் எனக்குத் தோன்றியது. ஏழு மாதம் எழுத்துச் சொல்லித் தந்தவளுக்கு ஒரு வார்த்தை சொல்ல வரவில்லையா? அவள் சொல்லியிருந்தால் நான் துணியை வேலியில் போட்டிருப்பேன். இதில் என் பங்கு எவ்வளவு, மற்றவர்கள் பங்கு எவ்வளவு என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். நெருப்பை நான் வைக்கவில்லை. துணியை விரிக்காமல் விட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது.

அவள் உள்ளே இருந்தது எனக்குத் தெரியாது என்று உங்களிடம் மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் நீங்கள் பேனாவை மூடி வைத்தீர்கள். எழுதும்போது எதுவும் விட்டுப்போகக் கூடாது, மறந்ததைக் கடைசியில் எழுத வேண்டும். அதனால் ஒன்றை எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன்.

சுவேதா பின்கதவுப் படியில்தான் எப்போதும் செருப்பைக் கழற்றுவாள். அவளுக்கு இருந்தது அந்த ஒரு ஜோடிதான். ஒழுங்காகக் கழற்ற மாட்டாள், ஒன்று கவிழ்ந்தே கிடக்கும். செருப்பு கவிழ்ந்து கிடந்தால் வீட்டில் சண்டை வரும் என்பாள் எங்கள் அம்மா. நான் போகும்போதெல்லாம் நிமிர்த்தி வைப்பேன். அன்றைக்கும் வேலையை முடித்துவிட்டு வெளியே வந்தபோது ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதை நிமிர்த்தி, ஜோடி சேர்த்து, வெயில் படாமல் சுவரோரமாக வைத்துவிட்டுத்தான் தாழ்ப்பாளைப் போட்டேன்.